தங்கம் விழுங்கிய ஒளி

தங்கம் எப்போதும் மஞ்சளாக இருப்பதில்லை. 1857ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சொசைட்டியில் மைக்கேல் ஃபாரடே ஆற்றிய புகழ்பெற்ற உரையின் பொருள்களுள் இதுவும் ஒன்று. தங்க உப்பின் கரைசலைப் பாஸ்பரஸுடன் வினைபுரியச் செய்தபோது அவருக்குக் கிடைத்தது மாணிக்கச் சிவப்பான ஒரு திரவம். தங்கம் அதில் கரைந்து மறைந்துவிடவில்லை, அன்றைய நுண்ணோக்கிகளுக்கு அகப்படாத துகள்களாக மிதந்துகொண்டிருக்கிறது என்று ஃபாரடே சரியாகவே ஊகித்தார். அவர் தயாரித்த குப்பிகளில் சில இன்றும் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருக்கின்றன. நிறமும் இருக்கிறது.

அச்சிவப்புக்கான கணிதத்தை 1908இல் குஸ்டாவ் மீ என்ற ஜெர்மானியர் எழுதினார். உலோகத்தினுள் உலவும் எலக்ட்ரான்கள், ஒளி வந்து மோதும்போது குடத்து நீர் போல ஒருசேரத் தளும்புகின்றன. மிகச்சிறிய தங்க உருண்டைகளில் அத்தளும்பலின் தாளம் பச்சை ஒளியின் தாளத்தோடு பொருந்திப்போகிறது. ஆகவே துகள் பச்சையை விழுங்குகிறது, எஞ்சிய சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது.

நன்று. விழுங்கப்பட்ட பச்சை ஒளி பின்னர் என்ன ஆகிறது? ஒரு குழந்தையின் கேள்வி போலத் தோன்றும் இதைத் தம் வாழ்நாள் முழுவதும் பல்வேறு பொருள்களிடம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வேதியியல் பேராசிரியரைப் பற்றியது இக்கட்டுரை. முஸ்தஃபா எல்-சையது 1933இல் எகிப்தின் நைல் கழிமுகப் பகுதியிலுள்ள ஸிஃப்தா என்னும் ஊரில் பிறந்தவர். கெய்ரோவின் ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தில் 1953இல் பட்டம் பெற்று, ஆய்வுப் படிப்புக்காக அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் மைக்கேல் காஷா. காஷாவின் ஆசிரியர் கில்பர்ட் லூயிஸ். பாடநூல்களில் எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைத்து மூலக்கூறுகளை வரைகிறோமே, அந்த லூயிஸ்தான். மூலக்கூறு ஒளியை விழுங்கிச் சிறிது நேரம் கழித்து ஒளிரும்போது, இடையில் அது எந்த நிலையில் தங்கியிருக்கிறது என்பதை 1944இல் லூயிஸும் காஷாவும் சேர்ந்தே விளக்கினார்கள். கேள்வி, ஆக, குருபரம்பரையாக வந்தது.

1961இல் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார் எல்-சையது. ஓரிரு ஆண்டுகளுக்குள்ளாகவே, இன்றளவும் ஒளி வேதியியல் மாணவர்கள் 'எல்-சையது விதி' என்று படிக்கும் முடிவை வெளியிட்டார். ஒளியால் கிளர்ச்சியுற்ற மூலக்கூறு ஒரு சுழற்சி நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டுமானால், அதனோடு எலக்ட்ரான் குடியிருக்கும் ஆர்பிட்டாலின் வகையும் மாறினால் தாவல் விரைவாக நிகழும், மாறாவிட்டால் தயங்கும் என்பது அதன் சாரம். மருத்துவத்துக்கும் இதற்கும் அன்று ஒரு தொடர்பும் கிடையாது. தொடர்பு உண்டாகும் என்று அவரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. அங்கே முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். 1980 முதல் 2004 வரை 'ஜர்னல் ஆஃப் ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரி' என்ற முதன்மையான ஆய்விதழின் ஆசிரியராகவும் இருந்தார். 1990இல் மன்னர் ஃபைசல் பரிசு வந்தது. பலருக்கு இத்தோடு வாழ்க்கைக் குறிப்பு முற்றுப்பெற்றுவிடும்.

அறுபத்தோராம் வயதில், 1994இல், அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்துக்கு இடம்பெயர்ந்து, லேசர் இயக்கவியல் ஆய்வகத்தின் தலைவரானார். அங்கேதான் அவர் நானோ துகள்களின் பக்கம் முழுமையாகத் திரும்பினார். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு. 1996இல் 'சயின்ஸ்' இதழில், பிளாட்டினத் துகள்களைக் கனசதுரமாகவும் நான்முகியாகவும் விரும்பியவாறு வளர்க்க முடியும் என்று அவர் குழு காட்டியது. ஒரே தனிமம் என்றாலும் அளவும் வடிவமும் மாறினால் பண்பும் மாறுகிறது. தட்டான் கடையில் வடிவம் மாறினால் கூலிதான் மாறும், நானோ அளவில் பொருளே வேறாகிவிடுகிறது.

பிறகு தங்கம். சாயங்கள் விழுங்கிய ஒளியில் ஒரு பகுதியையேனும் ஒளிர்வாகத் திருப்பித் தரும். இத்தகைய தங்கத் துகள் அப்படி ஒளிர்வது மிகவும் அரிது. ஒளிர்வை ஆராய்கிறவன் கண்ணுக்கு அது ஒரு கஞ்சன். ஸ்டெஃபான் லிங்க் என்ற இளம் ஆய்வாளருடன் சேர்ந்து, மிகக்குறுகிய லேசர் துடிப்புகளால் எல்-சையது அத்துகள்களைத் துருவிப் பார்த்தார். விழுங்கிய ஒளி முதலில் எலக்ட்ரான்களைச் சூடாக்குகிறது. ஏறத்தாழ ஒரு பிக்கோநொடியில், அதாவது நொடியின் லட்சங்கோடியில் ஒரு பங்கில், அச்சூடு அணுக்களின் கட்டமைப்புக்குக் கைமாறுகிறது. நூறு பிக்கோநொடி அளவில் அது துகளைச் சூழ்ந்த நீருக்கு இறங்கிவிடுகிறது. ஏறத்தாழ அத்தனையும் வெப்பம். 1990களின் இறுதியில் வெளிவந்த இக்கட்டுரைகளில் புற்றுநோய் பேசுபொருள் அன்று. ஆனால் பின்னர் நிகழ்ந்த யாவற்றுக்கும் அடிக்கல் இங்கேதான் இருக்கிறது என்பேன். மருத்துவத்தில் பயன்பட்ட நானோ பொருள்களைப் பற்றி எழுதுவோர் இப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள், அது சரியன்று. ஊசிமுனையினும் பல்லாயிரம் மடங்கு சிறிய ஓர் அடுப்பை, வெளியிலிருந்து விளக்கைக் காட்டி மூட்ட முடியும் என்று அறிந்தபின்னரே, அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழ முடியும்.

உடலுக்குள் வைப்பதில் ஒரு தடை இருந்தது. உருண்டைத் துகள் விரும்பும் பச்சை ஒளியை நம் இரத்தமும் விரும்பி உண்ணும். தோலைத் தாண்டி அது வெகுதூரம் போகாது. சிவப்பின் விளிம்புக்கு அப்பால், ஏறத்தாழ 650 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களை மட்டும் திசுக்கள் ஓரளவு வழிவிட்டு அனுப்பும். கைவிளக்கை உள்ளங்கையால் மூடினால் விரலிடுக்கில் செந்நிறம் கசிவது இதனால்தான். தங்கத்தை இவ்வொளிக்குப் பழக்க வேண்டுமானால் அதன் வடிவத்தை மாற்ற வேண்டும். நீண்ட தொட்டியில் நீர், அகலவாட்டில் தளும்புவதைவிட நீளவாட்டில் மெதுவாகத் தளும்பும் அல்லவா? துகளை உருண்டையாக்காமல் கோலாக்கினால், நீளவாட்டுத் தளும்பலின் தாளம் தணிந்து அகச்சிவப்புக்கு இறங்குகிறது. கோல் நீளநீள அது மேலும் இறங்கும். கேத்தரீன் மர்ஃபியின் குழு 2001இல் விதைத் துகள்களிலிருந்து தங்கக் கோல்களை வளர்க்கும் முறையை வெளியிட்டிருந்தது. 2003இல் எல்-சையதும் அவர் மாணவரும் அதில் சிறிது வெள்ளி அயனியைச் சேர்த்து, வேண்டிய நீளத்தில் மிகுந்த விளைச்சலோடு கோல்களைப் பெற வழிசெய்தார்கள். கோல்களைப் போர்த்தியிருக்கும் சோப்பு போன்ற சேர்மம் செல்களுக்கு நஞ்சு என்பதால், அதை அகற்றி வேறு போர்வை போர்த்துவது பின்னர் ஒரு தனி வேலையாயிற்று.

இந்த ஆண்டுகளில் அவர் மனைவி மார்பகப் புற்றுநோயால் அவதியுற்று இறந்தார். தம் ஆய்வு புற்றுநோயின் பக்கம் திரும்பியதற்கு அதுவும் காரணம் என்று எல்-சையது பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்னொரு காரணம் அவர் மகன். சான் ஃபிரான்சிஸ்கோவில் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களுக்கு அறுவை செய்யும் மருத்துவர் ஐவன் எல்-சையது. தந்தையிடம் துகள் இருந்தது, மகனிடம் நோய் பற்றிய அறிவு இருந்தது. பல வாய்ப் புற்றுநோய் செல்களின் மேற்பரப்பில் ஒரு வளர்ச்சிக் காரணி ஏற்பி இயல்பைவிட மிகுதியாக முளைத்திருக்கும். அந்த ஏற்பியைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளைத் தங்கத் துகளின்மேல் ஒட்டவைத்தார்கள். 2005இல் 'நானோ லெட்டர்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரையின்படி, புற்றுநோய் செல்களில் அத்துகள்கள் இயல்பான செல்களைக் காட்டிலும் 600 விழுக்காடு அதிக நாட்டத்தோடு ஒட்டின. அவற்றைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெள்ளை விளக்கும் எளிய நுண்ணோக்கியும் போதும்; நோயுற்ற செல் இருட்டில் பொன்னாக மின்னியது.

மறு ஆண்டு உருண்டைக்குப் பதில் கோல். அகலத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நீளமுள்ள கோல்களும் 800 நானோமீட்டர் லேசரும். இயல்பான செல்லை அழிக்கத் தேவைப்பட்ட லேசர் ஆற்றலில் பாதியளவே புற்றுநோய் செல்களை அழிக்கப் போதுமாயிருந்தது. இந்தப் 'பாதி'யில்தான் சிகிச்சையின் சாத்தியம் முழுவதும் அடங்கியிருந்தது. நோயைக் கொன்று நோயாளியைப் பிழைக்கவைக்கக் கிடைக்கும் இடைவெளி அவ்வளவே.

2008இல் எலிகள். கட்டிக்குள் நேரடியாகக் கோல்களைச் செலுத்தி லேசர் காட்டியபோது 57 விழுக்காட்டுக்கும் அதிகமான கட்டிகள் மறைந்தன. இரத்தத்தின் வழியே செலுத்தியபோது 25 விழுக்காடு மட்டுமே. அதே ஆண்டு செப்டம்பரில், 2007ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசிய அறிவியல் பதக்கத்தை அவர் வெள்ளை மாளிகையில் பெற்றுக்கொண்டார். எகிப்தியப் பத்திரிகைகள் கொண்டாடின, தங்கத்தால் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டதென்ற நம்பிக்கை பரவிற்று. அம்மகிழ்ச்சியைப் பழிக்க எனக்கு மனமில்லை. நைல் கரையில் பிறந்த ஒருவர், தம் மனைவியைக் கொண்டுபோன நோயைத் தங்கத்தால் எரிக்கிறார் என்பது எந்தச் செய்தியாளரையும் மயக்கும் கதை. ஆனால் 57க்கும் 25க்கும் இடையிலுள்ள தொலைவை அத்தலைப்புகள் சொல்லவில்லை. எட்டும் இடத்தில் உள்ள கட்டியில் ஊசி போடலாம். உடலெங்கும் பரவிய நோய்க்கு இரத்தமே வழி. அவ்வழியில் அனுப்பிய தங்கத்தின் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

அந்தத் தங்கம் அங்கே என்ன செய்கிறது? பதில் காணாமல் மனிதனிடம் போக முடியாது. அடுத்த பத்தாண்டுகளில் கணிசமான பகுதி இதற்கே செலவாயிற்று. கெய்ரோவின் தேசிய ஆய்வு மையத்து ஆய்வாளர்களோடு சேர்ந்து, இயற்கையாகவே மடிக்கட்டி வந்த நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிகிச்சை செய்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆய்வகத்தில் ஒட்டிவளர்த்த கட்டியைவிட இவை மனித நோய்க்கு நெருக்கமானவை என்பதால் எனக்கு இதுவே முக்கியமாகப்படுகிறது. 2017இல் வெளிவந்த கட்டுரை, கோல் செலுத்திய எலிகளைப் பதினைந்து மாதங்கள் கண்காணித்து நச்சு விளைவு காணவில்லை என்றது. எலியின் ஆயுளில் அது பெரும்பகுதி. அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. சூட்டை அளவோடு வைத்தால் செல் வெடித்துச் சிதறாமல், தன்னைத்தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும் வழியில் இறக்கிறது. வெடித்தால் சுற்றிலும் அழற்சி உண்டாகும். இந்த வேறுபாட்டுக்காகவே கோலின் அளவையும் லேசரின் அளவையும் மறுபடி மறுபடி திருத்தியிருக்கிறார்கள். முன்பு பிக்கோநொடிகளை எண்ணிய அதே நிதானம்.

மனிதர்களிடம் நடந்த சோதனையில், ஆய்விதழில் முடிவு வந்து பரவலாகப் பேசப்பட்டது இன்னொரு வடிவத் தங்கம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலஸ், மணல் இனத்தைச் சேர்ந்த சிலிகா உருண்டையின்மேல் மெல்லிய தங்கத் தோலைப் பூசி, கோலைப் போலவே அகச்சிவப்பை விழுங்கும் துகள்களை உருவாக்கியிருந்தார். ஜெனிஃபர் வெஸ்ட்டும் அவரும் எலிகளில் அதைச் சோதித்தது 2003இல். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் புராஸ்டேட் புற்றுநோய் கொண்ட 16 ஆண்களுக்கு அத்துகள்களை இரத்தத்தின் வழியே செலுத்தி, கட்டியினுள் மெல்லிய ஒளியிழைகளை நுழைத்து லேசரைக் காட்டினார்கள். 15 பேரிடம் திட்டமிட்டபடி சிகிச்சையை நிறைவேற்ற முடிந்தது. சிறுநீர், பாலியல் செயல்பாடுகளில் குறிப்பிடத்தக்க இழப்பு ஏற்படவில்லை. முடிவு 2019இல் வெளியானது. எலியிலிருந்து இந்தப் பதினாறு பேரை அடையப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.