பீங்கான் தூசும் நுரையீரலும்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மைக்கும் பியூஸ் கட்டைக்கும் சேர்க்கும் கலவையில் வெள்ளைக் களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் உண்டு. இவற்றில் அதிகம் அஞ்ச வேண்டியது குவார்ட்ஸ். அதன் பொடி ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் வரும் நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். கலவை குழம்பாக இருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்வதில்லை. காய்ந்த பொம்மையின் பிசிறைச் சுரண்டி உப்புத்தாளால் தேய்க்கும்போதும், தரையைக் கூட்டும்போதும்தான் வினை.

நுரையீரல் நுண்ணிய காற்றறைகளால் ஆனது என்பதை 1661-ல் இத்தாலியர் மால்பிகி நுண்ணோக்கியில் கண்டார். 1700-ல் தொழில்நோய்களைப் பற்றி நூல் எழுதிய ராமசினி, குயவர்களின் கை நடுக்கத்துக்கு மெருகில் சேரும் ஈயத்தைக் காரணம் காட்டினார். அது சரிதான், ஆனால் இங்கிலாந்துக் குயவர்கள் வெண்மைக்காகக் குவார்ட்ஸ் வகையான சிக்கிமுக்கிக் கல்லைப் பொடித்துச் சேர்க்கத் தொடங்கியபோது வேறொரு சாவு வந்தது. 1726-ல் தாமஸ் பென்சன் நீர் சேர்த்து அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உலர்வாக அரைத்தால் ஆட்கள் சாகிறார்கள் என்பதே அவர் சொன்ன காரணம். நோய்க்குப் பெயர் கிடைத்தது 1870-ல். பென்சனின் தண்ணீர் அதற்கு 144 ஆண்டு முந்தியது.

உடலுக்குள் நடப்பது இன்னும் தாமதமாகவே விளங்கியது. பெரிய துகளை மூக்கும் சளியும் பிடித்துவிடும். 5 மைக்ரானுக்குக் குறைந்தது காற்றறைவரை போய்ச் சேரும். அங்கே காவலிருக்கும் விழுங்கு செல்கள் அதை விழுங்கும். கிருமியானால் செரித்துவிடும், குவார்ட்ஸ் செரிக்காது. செல் வெடித்துச் சாகும், துகள் வெளியே வரும், அடுத்த செல் அதை விழுங்கும். இப்படியே காயம் தழும்பாகி நுரையீரல் இறுகும். குவார்ட்ஸ் இச்செல்களைக் கொல்லும் விதம் 1966-ல் ஆலிசனும் சகாக்களும் செய்த ஆய்வில் தெளிவானது. காவல் குலைவதால் காசநோயும் எளிதில் தொற்றும்.

இந்தியாவில் சிலிக்கோசிஸின் கொடுமையைக் காட்டியது கோலார் தங்கவயல். தமிழ்த் தொழிலாளர் திரளாகக் குடியேறிய அந்தச் சுரங்கங்களில் 1940-களில் நடந்த ஆய்வு, சோதித்தவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் நோய் இருப்பதாகக் கண்டது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் இதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. ஆனால் பட்டியல் சிறு பட்டறைகளை எட்டுவது அரிது.

இறுகிய நுரையீரலை மீட்க மருந்தில்லை. வேலையை விட்ட பின்னும் நோய் வளரலாம். முகத்தில் கட்டும் துண்டு இந்த நுண்தூளைத் தடுக்காது. தரையை ஈரத்துணியால் துடைப்பதும், தேய்க்கும் மேசையருகே தூசை இழுக்கும் விசிறி வைப்பதுமே பயன் தருபவை.