சிட்சை (தமிழ்க் கிறிஸ்தவம்)

தந்தை பிள்ளையைத் திருத்துவதுபோல், கடவுள் தம்மை நம்புவோரைக் கண்டித்து வளர்க்கிறார் என்னும் கிறிஸ்தவப் போதனையே சிட்சை. தண்டனை நடந்துபோன குற்றத்துக்குக் கணக்குத் தீர்க்கிறது. சிட்சையோ இனி வாழவேண்டிய வாழ்வை நோக்கியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய இடங்களில் எல்லாம் இந்தப் போதனை ஆறுதலாக இல்லாமல் அச்சமாக மாறியிருக்கிறது.

இதன் வேர் நீதிமொழிகள் நூலின் 3ஆம் அதிகாரத்தில், மகனுக்குத் தகப்பன் சொல்லும் புத்திமதியாக இருக்கிறது. துன்புறுத்தலால் சோர்ந்துபோன ஒரு சபைக்கு எபிரெயர் நிருபம் (12ஆம் அதிகாரம்) அதை எடுத்துச் சொன்னது: கண்டிக்கப்படுவது கைவிடப்பட்டதன் அடையாளம் அல்ல, பிள்ளையாக ஏற்கப்பட்டதன் அடையாளம். ஆனால் வேதாகமத்திலேயே இதற்கு ஒரு கடிவாளமும் உண்டு. யோபுவின் நண்பன் எலிப்பாஸ், கடவுள் சிட்சிக்கிற மனிதன் பாக்கியவான் என்ற பொருளில் பேசுகிறான். போதனை தவறில்லை. அதைப் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த நேர்மையான மனிதர் மேல் சுமத்தியதுதான் தவறு. நூலின் முடிவில் கடவுள் கோபங்கொள்வது யோபுமேல் அல்ல, எலிப்பாஸ்மேலும் அவன் தோழர்மேலும்தான். இந்தக் கோட்பாட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடக் கூர்மையான பகுதி இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, நீதியுள்ள கடவுள் நல்லவராக இருக்க முடியாது என்று வாதிட்டவர்களுக்குப் பதில் எழுதினார். கிறிஸ்துவைப் பிள்ளைகளின் ஆசானாகக் காட்டி, கண்டிப்பும் அன்பின் வேலையே என்றார். 16ஆம் நூற்றாண்டில் கால்வின், பழிவாங்கும் தீர்ப்பு வேறு, திருத்தும் தீர்ப்பு வேறு என்று பிரித்தார். விசுவாசிக்கு வருவது இரண்டாவது மட்டுமே என்பது அவர் முடிவு. கத்தோலிக்க மரபு பாவசங்கீர்த்தனத்தோடும் அதன்பின் செய்யும் பரிகாரத்தோடும் இதை இணைத்தது.

தமிழ் மண்ணில் இப்போதனைக்கு மிக நெருங்கிய உருவம் தோமையார். ஐயப்பட்ட சீடரை உயிர்த்த கிறிஸ்து கடிந்துகொண்டார். அதே வேளையில் தம் காயங்களைத் தொடவும் அழைத்தார். அந்தத் தோமையார்தான் கி.பி. 72இல் சென்னைப் பறங்கிமலையில் உயிர் துறந்தார் என்று மரபு சொல்கிறது. தவக்காலத்தில் தென்சென்னைக் கத்தோலிக்கர் பலர் சிலுவைப்பாதை செபித்தபடி அந்த மலைப் படிகளில் ஏறுகிறார்கள். தாமே ஏற்கும் ஒறுத்தலுக்கும் கடவுள் அனுப்பும் சிட்சைக்கும் வேறுபாடு உண்டென்றாலும், படியேறும் கால்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இப்பொருள் தமிழில் மிக முன்பே அச்சேறிவிட்டது. 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ வெளியிட்ட அன்றீக் அடிகளார் 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு ஒன்றையும் அச்சிட்டார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தபோது எபிரெயர் நிருபமும் தமிழர் கைக்கு வந்தது. பின்னர் சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியுஸ், ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த புதிய மொழிபெயர்ப்பு 1772இல் வெளியானது. அந்த அறிஞர் தம் முதுமையில் கடன் விவகாரங்களில் சிக்கிச் சிறையிருந்தார். 1791இல் சென்னையில் காலமானார். அதைச் சிட்சை என்று பெயரிட எவருக்கும் உரிமை இல்லை. எலிப்பாஸ் செய்தது அதைத்தான்.

இலக்கியத்தில் இதன் பெரிய தடம் எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை (1827–1900) 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’. நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர் 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். மனச்சாட்சிக்காகப் பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்த ஜான் பனியன் எழுதிய யாத்திரிகன் கதையே அவருக்கு மூலம். பனியனின் கதையில் ஒரு காட்சி வருகிறது. முகத்துதி பேசுபவனை நம்பி வழிதவறிய இரு யாத்திரிகர் வலையில் மாட்டுகிறார்கள். ஒளிவீசும் ஒருவர் கையில் சவுக்கோடு வந்து, வலையைக் கிழித்து அவர்களை விடுவித்து, சரியான பாதைக்குத் திரும்ப அழைத்துவந்த பிறகே அடிக்கிறார். அவர்கள் நன்றி சொல்லிப் பாடிக்கொண்டு போகிறார்கள். விடுதலை முதலில், கண்டிப்பு பிறகு. இந்த வரிசையில்தான் கோட்பாட்டின் உயிரே இருக்கிறது. நேசிக்கப்படுகிறோம் என்று முன்பே அறிந்தவனால்தான் அந்த அடியைத் தாங்க முடியும்.

20ஆம் நூற்றாண்டில் நெல்லை டோனாவூரின் ஏமி கார்மைக்கேல் இதே பொருளைப் படுக்கையிலிருந்து எழுதினார். ஆபத்திலிருந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்த அவர் 1931இல் விழுந்து காயமுற்றார்; 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். நோயாளியாக இருந்து நோயாளிகளுக்கென அவர் எழுதிய நூல் 1933இல் வந்தது. சுகமாயிருப்பவர் சொல்லும் தேறுதல் நோயாளியை எட்டுவதில்லை என்பதை அவர் வலியின் நடுவே உணர்ந்திருந்தார்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணிகளை வாரிச் சென்றது. அதையும் எவருடைய பாவத்துக்கும் வந்த சிட்சை என்று சொல்லிவிட முடியாது. பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோது, இவனும் அல்ல, இவன் பெற்றோரும் அல்ல என்ற பொருளில் கிறிஸ்து மறுத்ததாக யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. இழவு வீட்டுக்குப் போகும் போதகரும் பங்குத்தந்தையும் முதலில் கையிலெடுக்க வேண்டியது அந்த அதிகாரத்தை. எபிரெயர் நிருபத்தை, துயரப்பட்டவர் தாமே ஒருநாள் கேட்டால் அப்போது திறக்கலாம்.