மூடுகல்லைத் தூக்கிய கைகள்

கொடைக்கானல் என்ற ஊர் பிறந்ததே சாவுக்கு அஞ்சித்தான். மதுரைச் சமவெளியில் காலராவும் காய்ச்சலும் தங்கள் ஆட்களை வாரிக்கொண்டு போவதைக் கண்ட அமெரிக்க மிஷனரிகள் மலையேறி, 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இதே பழனி மலைத் தொடரில் வாழ்ந்தவர்கள் சாவுக்கு நல்ல இடங்களாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். தாண்டிக்குடிப் பக்கத்துப் பாறைகளில் நிற்கும் கற்திட்டைகள், அதாவது நிறுத்திய பலகைக் கற்களின் மேல் மூடுகல் ஏற்றிய ஈமச் சின்னங்கள், அவர்களுடையவை. குள்ளர் வீடு, பாண்டவர் வீடு என்றெல்லாம் மக்கள் சொல்வது இவற்றைத்தான். ஆங்லேட், நியூட்டன் ஆகிய இருவர் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பின்னாளில் பேராசிரியர் கா. ராஜன் தாண்டிக்குடியில் அகழாய்வு நடத்தினார்.

வாழ்ந்த வீட்டை மண்ணாலும் ஓலையாலும் கட்டிக்கொண்டவர்கள், செத்தவருக்கு மட்டும் ஏன் கல்லைச் சுமந்தார்கள்? ஆவிக்குப் பயந்து, அது திரும்பி வராதபடி பாரம் ஏற்றினார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. அச்சம் மட்டுமே காரணமென்றால் உணவு வைப்பானேன்? மலையடிவாரப் பொருந்தலில் ராஜன் தோண்டிய ஈமக்குழி ஒன்றில், நாலுகால் சாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 அளவில் என்று ஆய்வகம் கணித்தது. உழைத்து விளைத்த நெல்லை, உண்ண வாயில்லாதவருக்கு அளந்து வைத்தவர்களைப் பயந்தவர்கள் என்பதைவிடக் கடன்பட்டவர்கள் என்பதே பொருந்தும்.

இதெல்லாம் வசதி படைத்தவருக்குக் கிடைத்த மரியாதை என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆயிரக்கணக்கான மணிகளோடு ஒருவரைப் புதைத்த பொருந்தல் போன்ற ஊரில் எல்லாரும் சமமாக இருந்திருக்க முடியாது. ஏழைக்கு வெறும் மண்தான் வாய்த்திருக்கும். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் எந்தத் தலைவனும் தன் மூடுகல்லைத் தானே தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பாறையிலிருந்து பலகை பெயர்க்க, இழுக்க, நிறுத்த, மேலே ஏற்றப் பல கைகள் வேண்டும். அந்தக் கைகள் அன்பால் வந்தனவா, அதிகாரத்துக்கு அடங்கி வந்தனவா என்று கல் சொல்லாது. எப்படி வந்திருந்தாலும், ஒருவன் வாழ்ந்த வாழ்க்கையின் கடைசிக் கணக்கு அவன் கையில் இல்லை, உடன் வாழ்ந்தவர்கள் கையில்தான் இருந்தது. நல்ல வாழ்வு என்பதற்கு அந்த மலைக்காரர்கள் வைத்திருந்த அளவுகோல் இதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் முடிவு. இன்று சாவை மருத்துவமனையில் ஒளித்து, மின்மயானத்தில் விரைவாக முடித்துவிடும் நமக்கு (அதில் தவறில்லை, நிலமும் நேரமும் குறைவு) அந்த அளவுகோலை எடுத்துப் பார்க்கும் வாய்ப்பே அமைவதில்லை.

புதையல் ஆசையில் புரட்டப்பட்டும், தோட்டங்களுக்காக உடைக்கப்பட்டும் போனவை போக மிச்சமிருப்பவை கொஞ்சம்தான். தாண்டிக்குடிக்குப் போகிறவர்கள் தயவுசெய்து மூடுகல் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.