சின்னப் பெட்டி, பெரிய பேஸ்

ஸ்பீக்கர் வாங்கப் போனா நம்ம ஆளுங்க முதல்ல பார்க்கிறது பெட்டி எவ்வளவு பெருசுன்னுதான். நானும் அப்படித்தான் இருந்தேன், எட்கர் வில்சூர் கதையைப் படிக்கிற வரைக்கும்.

1950களின் தொடக்கத்துல நல்ல பேஸ் வேணும்னா கிட்டத்தட்ட ஃபிரிட்ஜ் சைஸுக்குப் பெட்டி வேணும். முன்னும் பின்னும் ஆடுற கோனைப் பழைய இடத்துக்கு இழுக்கிறது அதைச் சுத்தியிருக்கிற விறைப்பான விளிம்பு. அது எல்லா தூரத்துக்கும் ஒரே சீரா இழுக்காது, சத்தம் கெடும். வில்சூர் விளிம்பைத் தொளதொளன்னு விட்டுட்டு, பெட்டியைக் காத்துப் புகாம அடைச்சார். உள்ளே மாட்டின காத்தே ஸ்பிரிங்! காத்து கம்மியா இருந்தாத்தான் ஸ்பிரிங் விறைப்பா நிக்கும். அதனால பெட்டி சின்னதாத்தான் இருக்கணும். (சிம்பிள், இல்ல?)

பெரிய கம்பெனிகள் இதைக் கண்டுக்கலை. தன்கிட்ட படிச்ச ஹென்றி க்ளாஸோட சேர்ந்து, 1954ல மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச்சை ஆரம்பிச்சார். 1958ல வந்த ஏஆர்-3யை மேடையிலயே சோதிச்சுக் காட்டினாங்க. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் வாசிக்கும். நடுவுல அவங்க நிறுத்த, பதிவு பண்ணின இசை ஸ்பீக்கர்ல தொடரும். எங்கே மாறிச்சுன்னு பல பேருக்குத் தெரியவே இல்லை.

ஆனா ஓசியில எதுவும் கிடைக்காதே. இந்த மாதிரிப் பெட்டி ஆம்பிளிஃபையர்கிட்ட நிறைய வாட்ஸ் கேட்கும். கதை படிச்ச ஜோர்ல நான் ஒரு குட்டி ஆம்பை மாட்டி, வால்யூமை முழுசா ஏத்தி, ட்வீட்டரைக் கருக்கினதுதான் மிச்சம்.