தறிவீடும் பள்ளித் தொலைவும்

திருவண்ணாமலை மாவட்டத்துத் தெள்ளார் வரலாற்றில் இடம்பெற்றது ஒரு போரால். 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியனை இங்கே வென்றதால் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் 'தெள்ளாறெறிந்த' என்ற அடைமொழி பெற்றான். அவன் மகன் நிருபதுங்கவர்மன் காலத்தில், புதுச்சேரிக்கு அருகே உள்ள பாகூர் வித்யாஸ்தானம் என்ற கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கல்விக்கு அரசு தாராளமாகவே கொடுத்தது; ஆனால் அந்தக் கல்வி உழுதவர், நெய்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கானதாக இருக்கவில்லை. எந்தத் தெருவில் பிறந்தோம் என்பதே ஒருவருடைய எழுத்தறிவைத் தீர்மானித்தது. அந்தக் கட்டைப் பெருமளவில் தளர்த்தியது காமராசர் ஆட்சிக்காலம் (1954–63). ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்று இலக்கு வகுத்து, பள்ளியைக் குடியிருப்புக்கு அருகே கொண்டுவந்தது. 1956-இல் மதிய உணவும் சேர்ந்தது.

இன்று திசை மாறியிருக்கிறது. நல்ல பள்ளிக்கு அருகே வீடு பார்ப்பது நகரத்துப் பெற்றோரின் முதல் கவலையாகிவிட்டது. 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த பிரிவினருக்குத் தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களுக்கும், தமிழ்நாட்டில் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குடியிருப்பதே தகுதியானது. சிறு பிள்ளைகள் வெகுதூரம் அலையக் கூடாது என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் அந்தத் தூரத்துக்குள் தனியார் பள்ளியே இல்லாத சிற்றூரில் அந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடுகிறது. 'அப்படியானால் வீடு மாறலாமே' என்பார்கள். தெள்ளார் இருக்கும் அதே மாவட்டத்து ஆரணி வட்டாரப் பட்டு நெசவாளரிடம் அது செல்லாது. குழித்தறி வீட்டுத் தரையைத் தோண்டி அமைப்பது. பாவு போடவும் தார் சுற்றவும் வீட்டார் எல்லோருடைய கையும் வேண்டும். குழி தோண்ட இடம் கொடுக்கும் வாடகை வீடு எளிதில் கிடைக்காது. அவருக்கு வீடு மாறுவது என்றால் தொழிலையே பெயர்ப்பது.

ஊருக்கொரு பள்ளி இருந்தால் பிள்ளைகள் குறைவார்கள், தரம் தாழும் என்பது மற்றொரு வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் வசதியுள்ளவர்கள் நகரத்துக்குக் குடிபெயர்வதும் எண்ணிக்கை குறைய ஒரு காரணம். அந்தக் குறைவையே காட்டிப் பள்ளியை மூடினால், பெயர முடியாதவர்களைத்தான் தண்டிக்கிறோம். பெற்றோரின் தேர்வைக் குறை சொல்வதற்கில்லை. யாரும் தம் பிள்ளைக்கு நல்லதையே தேடுவார்கள். பொறுப்பு அரசினுடையது. தொலைவை வகுத்த காமராசர் கால அளவுகோலோடு, போதிய ஆசிரியர், ஆய்வகம், நூலகம் என்ற தர அளவுகோலும் சேர வேண்டும். தறியை விட்டு நகர முடியாத வீட்டுக்கு அருகே நல்ல பள்ளி இருப்பதுதான் கல்வி உரிமை.