சபைப் பதிவேடும் இரண்டு சாவிகளும்



ஆலயக் காரியாலயத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு தாளைத் தேடியே வருகிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஞானஸ்நானச் சான்றிதழ், வெளிநாடு செல்ல விவாகச் சான்றிதழ், சொத்து வழக்குக்குத் தாத்தாவின் அடக்கப் பதிவின் நகல். தாள் கைக்குக் கிடைத்ததும் பதிவேடு மறுபடியும் இரும்பு அலமாரிக்குள் போய்விடுகிறது. சங்கக் காணிக்கை ஏடு மட்டும் மேசைமேலேயே இருக்கிறது. அடுத்த மாதம் நம் சேகரத்தில் குடும்பப் பதிவேடு திருத்தப்பட இருக்கிறது. மூன்று ஆண்டுகளாகக் காணிக்கை செலுத்தாத குடும்பங்களின் பெயர்களை நீக்கிவிடலாம் என்றொரு யோசனையும் சேகரக் கமிட்டியில் எழுந்துள்ளது. அதைப் பற்றி முடிவெடுக்குமுன், திருச்சபை பெயர்களை எழுதிவைக்கத் தொடங்கிய வரலாற்றை நாம் அறிந்திருப்பது நல்லது.

திருச்சபையின் மிகப் பழைய பெயர்ப்பட்டியல் எது? உறுப்பினர் பட்டியல் அன்று; கொடுத்தவர்களின் பட்டியலும் அன்று. பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், எத்தகைய விதவைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வயது முதலாகக் குறித்துச் சொல்லுகிறார். அங்கே மூலமொழியிலுள்ள சொல் பட்டியலில் பெயர் எழுதுவதைக் குறிக்கும் சொல். அதாவது, சபை பராமரிக்க வேண்டியவர்களின் பெயர்களையே முதலில் எழுதினார்கள். அதற்கும் முன்னே, அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் எருசலேம் சபையில் எழுந்த முறுமுறுப்பு என்ன? கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் விடப்பட்டுப்போனார்கள். இன்றைய காரியாலய வழக்கில் சொல்வதானால், சிலருடைய பெயர்கள் விட்டுப்போய்விட்டன. அதைச் சரிசெய்யவே ஏழு பேர் தெரிந்துகொள்ளப்பட்டார்கள்.

இருநூறு ஆண்டுகள் கழித்து ரோமாபுரியில் இது எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. கி.பி. 251ஆம் ஆண்டளவில் ரோமின் பேராயராயிருந்த கொர்நேலியு, அந்தியோகியாவின் பேராயருக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியைச் சரித்திர ஆசிரியர் யூசேபியஸ் பாதுகாத்துத் தந்திருக்கிறார். மூப்பர்கள் 46 பேர், உதவிக்காரர் 7 பேர், துணை உதவிக்காரர் 7 பேர், அவர்களுக்குக் கீழே 42 பேர், பேய் ஓட்டுகிறவர்களும் வேதம் வாசிக்கிறவர்களும் வாயில் காக்கிறவர்களுமாக 52 பேர் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே வந்து, சபை போஷித்துவந்த விதவைகளும் எளியவர்களும் 1,500 பேருக்கு மேல் என்று எழுதுகிறார். உபத்திரவ காலத்துச் சபை அது. பேராயர்களே இரத்தசாட்சிகளாக மரித்த நகரம். அந்த நிலையிலும் யாருக்கு அப்பம் போகவேண்டும் என்ற கணக்கு ஒருவர் கையில் சரியாக இருந்திருக்கிறது. ரோம் சபையின் மொத்த உறுப்பினர் எத்தனை பேர் என்று கொர்நேலியு எண் கொடுக்கவில்லை. திரளான ஜனம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

நாம் இன்று வைத்திருக்கும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்னும் பதிவேடுகள் நமக்கு வந்த வழி வேறு. 1538ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு திருச்சபையும் ஒரு புத்தகம் வைக்கவேண்டும். அதைப் பூட்டிவைக்க ஒரு பெட்டியைச் சபையார் வாங்கவேண்டும். பெட்டிக்குப் பூட்டுகள் இரண்டு. ஒரு சாவி குருவானவரிடம், மற்றொன்று ஆலய விசாரணைக்காரரிடம். ஞாயிற்றுக்கிழமைதோறும் விசாரணைக்காரர் முன்னிலையில் புத்தகத்தை வெளியே எடுத்து, கடந்த வாரத்தில் நடந்த திருமணங்களையும் ஞானஸ்நானங்களையும் அடக்கங்களையும் குருவானவர் எழுதவேண்டும். தவறினால் மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் அபராதம். அந்தத் தொகை அரசாங்கத்துக்குப் போகாது. ஆலயத்தைப் பழுதுபார்க்கவே செலவிடப்படும்.

இந்த ஆணையில் என்னை மிகவும் கவர்ந்தது அந்த இரண்டு சாவிகள்தான். குருவானவர் தனியாக ஒரு பெயரைச் சேர்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. விசாரணைக்காரருக்கும் அவ்வாறே. கம்ப்யூட்டரில் ஒரே கடவுச்சொல்லை ஒரே ஒருவர் வைத்திருக்கும் இந்நாள் காரியாலயங்களைக் காட்டிலும் அந்த மரப்பெட்டி ஞானமுள்ளது என்பது என் எண்ணம்.

ஆனாலும் மக்கள் அந்தப் புத்தகத்தை நம்பவில்லை. பெயரை எழுதுவது வரி போடுவதற்கே என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் வீண் என்று தள்ளிவிட முடியாது. 1783ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பாராளுமன்றம், பதிவேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் விவாகத்துக்கும் அடக்கத்துக்கும் மூன்று பென்ஸ் வரி விதித்தது. அதை வசூலிக்கவேண்டியவர் குருவானவர். அந்தச் சிரமத்துக்காக வசூலில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. ஏழைகளுக்கு விலக்கு இருந்தது. ஆனால் விலக்குப் பெறவேண்டுமானால், தான் தரும உதவி பெறும் ஏழை என்ற குறிப்பு பெயருக்கருகே பதியப்படவேண்டும். அக்காலத்துப் பதிவேடுகளைப் புரட்டுகிறவர்கள், குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் ஏழை என்பதைக் குறிக்கும் ஒற்றை எழுத்தை இன்றும் காண்கிறார்கள். ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எடுக்கப்பட்ட அன்றே அந்தக் குழந்தைக்குக் கிடைத்த பட்டம் அது. 1794இல் வரி நீக்கப்பட்டது. புத்தகத்தில் ஏறிய எழுத்தை யார் நீக்குவது?

பணமும் பெயரும் ஒரே ஏட்டில் சேர்ந்தால் எப்போதும் இப்படித்தான் முடியும் என்றும் சொல்லிவிடக்கூடாது. அதே இங்கிலாந்தில், அந்த வரிக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது.

1742ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியோடு இருந்தவர்கள் கூடினார்கள். தாங்கள் கட்டிய கூடத்தின் கடனை அடைக்க வழி தேடினார்கள். கடன் அடையும்வரை ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரலாம் என்றார் ஃபாய் என்னும் கப்பல் தலைவர். பலர் ஏழைகள், அவர்களால் இயலாது என்று மற்றொருவர் மறுத்தார். ஃபாய் அதற்குச் சொன்ன வழி இது: மிகவும் ஏழைகளான பதினொரு பேரைத் தம் பொறுப்பில் விடவேண்டும், வாரந்தோறும் தாமே அவர்களைச் சென்று பார்ப்பார், அவர்கள் கொடுத்தால் பெற்றுக்கொள்வார், கொடுக்க முடியாவிட்டால் அவர்களுக்காகத் தாமே செலுத்துவார், மற்றவர்களும் அவ்வாறே பதினொரு பேரை ஏற்றுக்கொள்ளட்டும். எல்லாரும் சம்மதித்தார்கள்.

பென்னிக்காக வீடுவீடாகச் சென்றவர்கள் வேறு செய்திகளோடு திரும்பினார்கள். இன்னார் குடியில் விழுந்திருக்கிறார், இன்னார் வீட்டில் சமாதானம் இல்லை. வசூலுக்குப் போன கால் மேய்ப்பனின் காலாயிற்று. தாம் நெடுநாளாகத் தேடிய வழி இதுவே என்று வெஸ்லி கண்டுகொண்டார். வகுப்புக் கூட்டம் என்று மெதடிஸ்ட் சபைகளில் நிலைபெற்ற ஒழுங்கு அந்தக் கடன் பட்டியலிலிருந்து பிறந்தது. ஃபாயின் ஏட்டில் கொடாதவரின் பெயர் நீங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கொடாதவரின் கட்டம் வெறுமையாக இருந்தால், அதை நிரப்பவேண்டியவர் ஏட்டை வைத்திருந்தவரே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தரங்கம்பாடியில் 1707ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். அடிமை என்றால் விற்பனைப் பத்திரத்தில் பெயர் வரும்; ஆலயத்தில் அந்தப் பெயர் வேறு காரணத்துக்காகச் சொல்லப்பட்டது. திருநெல்வேலிக்கு வந்தால், பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 40 பேரின் பெயர்கள் இருந்தன. முதல் பெயர் குளோரிந்தா. தஞ்சை அரசின் சேவையிலிருந்த மராத்திய பிராமணர் ஒருவரின் விதவை அவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு திருமணமின்றி வாழ்ந்த காலத்தில் அவர் ஞானஸ்நானம் கேட்டபோது ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த அதே ஸ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் பெயர் ஏட்டின் தலையில் நிற்கிறது. அவர் முன்னின்று கட்டிய ஆலயத்தைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஊரார் அழைத்தார்கள். ஸ்வார்ட்ஸ் முதலில் மறுத்தது சரியா தவறா என்று வேதசாஸ்திரக் கல்லூரியில் நாங்கள் விவாதித்ததுண்டு. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். ஒருமுறை மறுக்கப்பட்ட பெயரை எழுதுவதற்கு அந்த ஏட்டில் இடம் இருந்தது என்பதே இங்கே எனக்கு வேண்டியது.

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் நம் விவாகப் பதிவேட்டுக்கு அரசாங்க மதிப்பைத் தந்தது. அது பெரிய நன்மை. கைவிடப்பட்ட எத்தனையோ பெண்களுக்கு அந்த ஒரு வரியே நீதிமன்றத்தில் துணைநின்றது. சான்றிதழ் கொடுக்கும் வேலை அற்பமானதென்று நான் சொல்லவில்லை. ஆனால் சான்றிதழுக்கு மூன்று பதிவேடுகள் போதும். குடும்பப் பதிவேடு என்ற நான்காவது ஏடு எதற்கு என்பதே நம் முன்னுள்ள கேள்வி. அது வாக்காளர் பட்டியலாக மட்டும் இருக்குமானால், நிலுவைக்காரரை நீக்கலாம் என்ற யோசனை நியாயமானதே. தேர்தலில் வாக்களிக்கக் காணிக்கைத் தகுதி வேண்டும் என்ற விதியை நான் மறுக்கவில்லை. அதற்குத் தனிப் பட்டியல் எடுத்துக்கொள்ளலாம். குடும்பப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயர் நீங்க, மரணமோ, வேறு சபைக்கு மாற்றுக் கடிதமோ, அவரே எழுதிக் கேட்டதோ காரணமாயிருக்கவேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. மூன்று ஆண்டு நிலுவை உள்ள வீட்டில் என்ன நடந்தது என்று போய்ப் பாராமல் கோடு கிழிக்க நமக்கு உரிமை இல்லை.

ஆகவே திருத்தும் வேலையைப் பின்வருமாறு செய்யக் கமிட்டியைக் கேட்டிருக்கிறேன். மூப்பர் ஒவ்வொருவரும் தம் பகுதியில் பன்னிரண்டு வீடுகளுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம், இருவராகச் செல்லட்டும். படுக்கையிலிருப்பவர், தனியாய் வாழும் விதவைகள், வேலையின்றி இருக்கும் இளைஞர், திருவிருந்துக்கு வர இயலாதவர் ஆகியோருக்குத் தனித்தனிப் பத்திகள் வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் ஏற்றியபின் எந்தப் பெயரையும் நீக்கவேண்டுமானால் என்னுடைய கையொப்பமும் செயலரின் கையொப்பமும் சேர்ந்திருக்கவேண்டும். ஒரு பிரதியை அச்சிட்டு அலமாரியில் பூட்டிவைப்போம். மூப்பர்கள் கொண்டுவரும் தாளில் காணிக்கை நிலுவையை எழுத இடம் விடப்படவில்லை. அதைக் காரியாலயத்திலுள்ள ஏட்டில் பார்த்துக்கொள்ளலாம்.