மதகடிப்பட்டுச் சாலையும் வண்டியிழந்தவரின் காப்பீடும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலை வளவனூரைக் கடந்து மதகடிப்பட்டில் புதுச்சேரிப் பகுதிக்குள் நுழைந்து, கண்டமங்கலத்தில் மீண்டும் தமிழ்நாட்டைத் தொட்டு, அரியூர், வில்லியனூர் வழியாக நகரை அடைகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தச் சிறு தொலைவுக்குள்ளேயே வண்டிகள் இரு நாட்டுச் சட்டங்களின்கீழ் ஓட வேண்டியிருந்தது. மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது ஒரு வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு, 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 1946 ஜூலை 1 முதல் பிரிட்டிஷ் இந்தியாவில் கட்டாயமாயிற்று. பிரான்ஸ் நாட்டிலோ அது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கட்டாயமாயிற்று, அதற்குள் புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்து சேர்ந்துவிட்டது.

அடிபட்டவரைக் காக்கப் பிறந்த அந்தக் கட்டாயக் காப்பீடு, வண்டியை இழந்த உரிமையாளரைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவருக்கான ஈடு, மக்கள் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்லும் விரிவான காப்பீட்டில்தான் இருந்தது. 1973இல் பொதுக் காப்பீடு அரசுடைமையான பின்னும் மோட்டார் காப்பீட்டின் விதிகளும் கட்டண முறையும் நாடு முழுவதற்கும் பொதுவாகவே வகுக்கப்பட்டன. 2002ஆம் ஆண்டு மோட்டார் கட்டண விதிகளின்படி, வண்டியின் விலையிலிருந்து அதன் வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்துவரும் தொகையே காப்பீட்டு மதிப்பாகும். பழுதுபார்க்கும் செலவு அம்மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். ஆறு லட்சம் ரூபாய் விலையுள்ள கார் மூன்று ஆண்டுகளைக் கடந்து நான்காம் ஆண்டில் இருந்தால் 40 விழுக்காடு கழிந்து அதன் மதிப்பு 3,60,000 ரூபாயாகும். பழுதுச் செலவு 2,70,000 ரூபாயை மிஞ்சினால் அது முழு இழப்பு.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்ப்பதிலும், ஆவணங்களை ஒப்படைப்பதிலும், வங்கிக் கடனைத் தீர்ப்பதிலும் கழியும் நாட்களில் வண்டியை இழந்த குடும்பம் வாடகைக் காருக்குத் தரும் பணம், விபத்தின் தொடர்விளைவான இழப்பு என்று பாலிசியிலேயே விலக்கப்பட்டுள்ளது. உரிமையாளருக்கு மிகக் கடுமையாக வலிக்கும் இந்த விலக்கு அவர் கண்ணில் படும்படி பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை என்பது இவ்வரலாற்றின் பெருங்குறை. 2007இல் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகுதான், கூடுதல் பிரீமியம் பெற்று, குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் தினப்படியோ மாற்று வண்டியோ தரும் இணைப்புக் காப்பீடுகள் வரத் தொடங்கின.

வாடகைக்கு வரும் வண்டியிலும் இடர் உண்டு. ஓட்டுநரின்றி வாடகைக்குக் கார் விடுவோர் 50 கார்களுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு வாடகைக் கார்த் திட்டம் விதித்ததால், மதகடிப்பட்டு போன்ற ஊர்களின் சிறு உரிமையாளர்களுக்கு அவ்வுரிமம் எட்டவில்லை. டாக்சி உரிமம் பெற்ற மஞ்சள் போர்டு வண்டி கிடைக்காத இடத்தில் அவ்வுரிமம் இல்லாத சொந்த போர்டு காரே வாடகைக்குக் கைமாறுகிறது. வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவதைத் தனியார் கார் பாலிசி விலக்கியிருப்பதால், அந்த இரண்டாவது காரும் விபத்துக்குள்ளானால் அதன் சேதத்துக்கான ஈட்டை நிறுவனம் மறுக்க முடியும்.